மடை திறக்கும் லஸ்கரும் கடலில் போன லஸ்கரும்

பிளவக்கல் அணையில் தண்ணீர் திறக்கிற நாளில் ஷட்டரைத் திருகிவிடுகிறவருக்கு ‘லஸ்கர்’ என்று பெயர். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து விவசாயிகளுக்கு இது பழகிய சொல். மடையில் செத்தை அடைத்துக்கொண்டால் “லஸ்கருக்கு ஒரு போனைப் போடுங்கப்பா” என்பார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பழைய தகரப்பெட்டியில் கப்பல் வேலைக்குப் போன தாத்தாவின் காகிதம் ஏதாவது இருந்து, அதிலும் இதே சொல் இருந்தால் திகைத்துப் போவீர்கள். அணைக்கட்டு இல்லாத இடத்தில் லஸ்கருக்கு என்ன வேலை?

பாரசீகத்தில் ‘லஷ்கர்’ என்றால் படை. போர்ச்சுகீசியர் வழியாக அது ஐரோப்பியக் கப்பல்களுக்குப் போய், இந்தியப் பெருங்கடல் கரைகளில் கூலிக்கு எடுத்த கடலோடிகள் எல்லோருக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பிரிட்டிஷ் ராணுவம் கூடாரம் அடிக்கவும் பீரங்கி இழுக்கவும் வைத்திருந்த எடுபிடி ஆட்களையும் அப்படித்தான் கூப்பிட்டது. அரசாங்க இலாகாக்களில் கடைநிலை வேலைக்கு அந்தப் பெயர் தங்கிவிட்டது அந்த வழியில்தான். ஆக, மடையில் நிற்கிறவரும் நடுக்கடலில் நின்றவரும் பெயரளவில் பங்காளிகள்.

இந்தக் கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது. போர்க்காலத்தில் சரக்குக் கப்பலிலோ பயணிகள் கப்பலிலோ வேலை பார்த்து, கப்பலோடு போனவர். அவர் யார், எப்படிச் செத்தார், அவர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைத் தேட முடியுமா என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வணிகக் கப்பல் ஊழியர் கடற்படைக்காரர் அல்ல. அவருக்கு ராணுவச் சீருடை கிடையாது, பீரங்கி சுடுவது அவர் வேலையும் இல்லை. அவர் ஒரு கம்பெனியின் சம்பளக்காரர். சண்டை வந்தாலும் தேயிலையையும் இரும்பையும் கோதுமையையும் பட்டாளத்தையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எதிரிக்கு அதுவே போதும். பிரிட்டன் ஒரு தீவு. அதன் அடுப்பை அணைக்க வேண்டும் என்றால் அதற்கு விறகு கொண்டுவருகிற வண்டியைக் கவிழ்க்க வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் 2 உலகப் போர்களிலும் செய்தது அதைத்தான். இரண்டாம் உலகப் போரில் மட்டும் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 30,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

அவர்களில் பொடியன்களும் இருந்தார்கள் என்பதை இங்கே பலர் நம்பமாட்டார்கள். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் துறைமுகத்து ஊரைச் சேர்ந்தவன் ரேமண்ட் ஸ்டீட். ‘எம்பயர் மார்ன்’ என்ற கப்பலில் சமையல்கட்டுப் பையன். உருளைக்கிழங்கு உரிப்பது, தட்டு கழுவுவது போன்ற வேலை. 1943 ஏப்ரல் 26 அன்று மொராக்கோவின் காசபிளாங்கா அருகே அந்தக் கப்பல் கண்ணிவெடியில் சிக்கியது. பையன் செத்தபோது வயது 14 வருஷம் 207 நாள். அந்தப் போரில் இறந்த வேல்ஸ்காரர்களில் பணியிலிருந்த மிக இளையவன் என்று அவனைச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற வயது.

வயதை நாள் கணக்கில் சொல்ல முடிகிறது என்பதைக் கவனியுங்கள். பிறந்த தேதி சர்ச்சிலோ முனிசிபாலிட்டியிலோ பதிவாகி இருக்கிறது. செத்த தேதி கப்பல் பதிவேட்டில் இருக்கிறது. காசபிளாங்காவில் ஒரு கல்லறையும் இருக்கிறது. மூன்றையும் கூட்டிக் கழித்தால் 207 வந்துவிடுகிறது. இதே கணக்கை ஒரு இந்தியக் கப்பல் ஊழியருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் முதல் படியிலேயே மாட்டிக்கொள்வோம்.

போர் தொடங்கிய சமயத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறத்தாழ 50,000 இந்தியர்கள் வேலையில் இருந்தார்கள். மொத்த ஆட்களில் நாலில் ஒருவர். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பக்கத்து வங்காளிகள் எஞ்சின் அறையில். ரத்தினகிரி, குஜராத் கரையோரத்தார் மேல்தளத்தில். கோவாக்காரர்கள் சமையலிலும் பரிமாறுவதிலும். தமிழர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவு, பெருமைக்காகக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கப்பல் பேச்சில் தமிழ் வாடை உண்டு. மேல்தள ஆட்களின் தலைவர் ‘சாரங்’. அவருக்கு அடுத்தவர் ‘டிண்டல்’. தூத்துக்குடித் தோணித்துறையில் போய்க் கேட்டால் தோணியை நடத்துகிறவரைத் ‘தண்டல்’ என்பார்கள். அதே சொல்தான் வெள்ளைக்காரன் நாக்கில் டிண்டலாகி, கார்டிஃப் வரை போய்வந்தது. சமைக்கிறவர் ‘பண்டாரி’, கூட்டிப் பெருக்குகிறவர் ‘டோபாஸ்’. இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பதவி என்ற இடத்தில் இவைதான் நிற்கும்.

கூலி விஷயம் கொஞ்சம் கசப்பானது. இந்திய ஊழியருக்குத் தனி ஒப்பந்தம். அதே கப்பலில் அதே வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் கிடைக்கும், படுக்க இடமும் குறைவு. 1939இல் போர் அறிவித்ததும் இந்திய ஊழியர்கள் பிரிட்டிஷ் துறைமுகங்களில், “சாகிற இடத்துக்கு இந்தக் கூலிக்கு வரமாட்டோம்” என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் கூலி உயர்ந்தது. வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு மட்டும் ராஜவாழ்க்கை என்று நினைத்துவிட வேண்டாம். 1941 மே மாதத்தில் விதியை மாற்றும்வரை, கப்பல் மூழ்கிய நாளோடு அவர் சம்பளமும் நின்றுவிடும். படகில் பட்டினியாக மிதந்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பு மாதிரி.

இந்திய ஊழியர் அதிகம் சாகக் காரணம் அவர் நின்ற இடம். எஞ்சின் அறையும் கொதிகலனும் நீர்மட்டத்துக்குக் கீழே. டார்பிடோ குறிவைப்பதும் அங்கேதான். அடிபட்டதும் விளக்கு போகும், நீராவிக் குழாய் வெடிக்கும், ஏணியைத் தேடுவதற்குள் தண்ணீர் தலைக்கு மேல். தப்பி மேலே வந்தாலும் வட அட்லாண்டிக் குளிர். கொதிகலன் வெக்கையில் நின்ற மெல்லிய பருத்தி உடுப்போடு திறந்த படகில் ஏறுகிறவர் விடியும்வரை தாக்குப்பிடிப்பதே பெரும்பாடு. 1940 செப்டம்பர் 17 இரவு ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ மூழ்கியபோது, கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் சிறுவர் சிறுமியர் 90 பேரில் 77 பேர் செத்தார்கள். அந்தக் கதை இங்கிலாந்தில் எல்லோருக்கும் தெரியும். காசியின் பெயர் தாங்கிய அந்தக் கப்பலில் செத்த இந்திய ஊழியர்கள் 100 பேருக்கு மேல். அது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

இனி நமக்குக் கொஞ்சம் நெருக்கமான கப்பலுக்கு வருவோம்.

‘ரஜுலா’ என்ற பெயரை வயதானவர்களிடம் சொல்லிப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல். தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போன தமிழர்கள் அதன் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துத்தான் மலேயா போய்ச் சேர்ந்தார்கள். அந்த ரஜுலாவுக்கு ஒரு கூடப்பிறப்பு உண்டு: ‘ரோனா’. இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கட்டியவை, இரண்டும் ஒரே பாதையில் ஓடியவை. ரஜுலா நெடுநாள் ஓடி, 1970களில்தான் உடைக்கப் போனது. ரோனாவைப் போரின்போது அரசாங்கம் பட்டாளம் ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொண்டது.

1943 நவம்பர் 26. அல்ஜீரியக் கரையை ஒட்டி மத்தியதரைக் கடலில், ஒரு கப்பல் தொகுதியோடு ரோனா கிழக்கே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏறக்குறைய 2,000 அமெரிக்கப் படைவீரர்கள். சூயஸ் வழியாக இந்தியாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். சாயங்கால வேளையில் ஜெர்மன் விமானம் ஒன்று, ரேடியோ அலையால் திருப்பி ஓட்டக்கூடிய இறக்கை வைத்த குண்டை வீசியது. அந்தக் காலத்துக்கு அது புத்தம்புது ஆயுதம். குண்டு எஞ்சின் அறைப் பக்கம் புகுந்தது. படகுகள் பல நொறுங்கின. மிச்சமிருந்தவற்றை இறக்கும் கொக்கிகள் துருப்பிடித்து அசையவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இருட்டு, பெரிய அலை. 1,015 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். எதிரியின் தாக்குதலில் கடலில் அமெரிக்கத் தரைப்படை இழந்ததில் இதுதான் பெரியது. கூடவே கப்பல் ஊழியர் நூற்றுக்கும் மேல், பெரும்பாலோர் இந்தியர்கள்.

ஆயுதம் வேலை செய்தது எதிரிக்குத் தெரியக் கூடாது என்று அமெரிக்க அரசு செய்தியை அமுக்கியது. போர் முடிந்தும் முழு விவரம் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. தங்கள் பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரியாமலே அமெரிக்கத் தாய்மார் பலர் கண்மூடினார்கள். பிழைத்தவர்களும் செத்தவர்களின் குடும்பத்தாரும் பிறகு சங்கம் வைத்து, விவரம் திரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் முகம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே கப்பலின் கொதிகலன் அறையில் நின்றவர்களுக்கு அப்படிச் செய்ய யாரும் கிளம்பவில்லை. நாகப்பட்டினத்தில் நம் பாட்டனைக் கைதூக்கி ஏற்றிவிட்ட அதே தளத்து ஆட்கள் சிலர் அதில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு; நிரூபிக்க வழியில்லாத நினைப்பு.

நம் கரைக்கு முன்னாலேயே நடந்தவையும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் ‘எம்டன்’ சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரனையும் கறாரான அப்பாவையும் நாம் இன்றும் ‘எம்டன்’ என்கிறோம், சினிமாவுக்கே அந்தப் பெயரை வைக்கப் பார்த்தார்கள். அன்றைக்குத் துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் ஊழியர்கள் செத்தது அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை. அடுத்த போரில், 1942 ஜனவரிக் கடைசியில், ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று வங்காள விரிகுடாவில் ‘ஜலதரங்’, ‘ஜலபாலகா’ என்ற 2 கப்பல்களை மூழ்கடித்தது. இரண்டும் சிந்தியா கம்பெனியுடையவை. தூத்துக்குடியில் வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரன் நசுக்கிய பிறகு, 1919இல் எழுந்த இந்தியக் கம்பெனி அது.

இப்போது பெயர்கள்.

லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் வணிகக் கப்பல் ஊழியருக்கென்று நினைவகம் இருக்கிறது. கடலையன்றி வேறு கல்லறை இல்லாத சுமார் 36,000 பேரின் பெயர்கள் அங்கே வெண்கலத் தகடுகளில் வரிசையாக இருக்கின்றன. கப்பல் வாரியாக, கேப்டன் பெயர் முதலில், மற்றவர் அகரவரிசையில். தோட்டம் மாதிரி அமைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸ்காரர்கள் அங்கே உட்கார்கிறார்கள். வேல்ஸ் நாட்டுப் பையன் ஒருவன் அட்லாண்டிக்கில் காணாமல் போயிருந்தால் அவன் பெயரை விரலால் தடவிப் பார்க்க முடியும்.

இந்திய ஒப்பந்தத்தில் போனவர்கள் பெயர் அங்கே தேடினால் கிடைக்காது. இரண்டாம் போரில் செத்த இந்திய வணிகக் கப்பல் ஊழியர்களும் இந்தியக் கடற்படையினருமாகச் சுமார் 6,500 பேருக்கான நினைவுச்சின்னத்துக்குப் ‘பம்பாய்/சிட்டகாங் 1939-1945 நினைவகம்’ என்று பெயர். நினைவகம் என்றதும் கல்தூணைத் தேடிப் போய்விடாதீர்கள். அது புத்தகம். ஒரே பட்டியலின் 2 பிரதிகள்: ஒன்று மும்பையில் இந்தியக் கடலோடிகள் இல்லத்தில், மற்றது சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்தில். முதல் போரில் செத்தவர்கள் 2,000 பேருக்கு மேல் மும்பை நினைவகத்தில் வருகிறார்கள். வங்காளம், அசாம் பகுதியிலிருந்து போன 896 பேருக்காகக் கொல்கத்தாவில் 1924இல் திறந்த லஸ்கர் நினைவுக் கோபுரம் ஒன்றும் உண்டு. வெண்கலமும் காகிதமும் ஒன்றல்ல என்பது, போரில் செத்தவர்களின் கல்லறைகளையும் பெயர்களையும் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கே உறைத்தது. முதல் உலகப் போரில் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர் பலரைச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

இருந்தாலும் காகிதத்தைக் குறைவாக நினைக்க முடியாதபடி ஒரு சம்பவம். ஜோக் அருவிக்கு இன்னொரு பெயரான கெர்சொப்பாவை வைத்து, ‘கெய்ர்சொப்பா’ என்று ஒரு கப்பல். 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலை, இரும்பு, வெள்ளிக் கட்டிகளோடு கிளம்பி, 1941 பிப்ரவரி 17 அன்று அயர்லாந்துக்குத் தென்மேற்கே டார்பிடோ பட்டு மூழ்கியது. 86 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். இரண்டாம் அதிகாரியான அவர் படகில் 13 நாள் மிதந்து கரை சேர்ந்தார்; கூட ஏறிய இந்திய ஊழியர்கள் தாகத்திலும் குளிரிலும் வழியிலேயே போய்விட்டார்கள். 2011இல் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்து, 100 டன்னுக்கு மேல் வெள்ளி எடுத்தார்கள். வெள்ளியோடு எதிர்பாராத ஒன்றும் வந்தது: இந்தியாவிலிருந்து அனுப்பிய தபால்கள், 700க்கும் மேல். வெளிச்சமும் காற்றும் எட்டாத சேற்றில் கட்டுக்கட்டாக நெருங்கிக் கிடந்ததால் 70 வருஷம் மக்கவில்லை. எழுத்து படிக்கிற மாதிரி இருந்தது. லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் 2018இல் காட்சிக்கு வைத்தார்கள்.

சரி, தேடுவது எப்படி?

முதலில் உங்கள் தாத்தா ஊழியரா, பயணியா, பட்டாளக்காரரா என்று பிரித்துக்கொள்ளுங்கள். “ரங்கூன் கப்பல்ல சப்மரீன் அடிச்சுப் போயிட்டாரு” என்று வீட்டில் சொல்வார்கள். டிக்கெட் எடுத்துப் போனவர் என்றால் ஊழியர் பட்டியலில் பெயர் இருக்காது, வீணாக அலைவீர்கள். ஊழியர் என்றால் பெட்டியில் ஒரு சர்வீஸ் புத்தகம் இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பல் பெயர், சேர்ந்த தேதி, இறங்கிய தேதி, நடத்தை என்று பத்தி பத்தியாக எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். வங்காளக் கடலோடிகள் இதை ‘நலி’ என்பார்கள். கடைசிப் பயணத்துக்குச் சேர்ந்த தேதி இருந்து இறங்கிய தேதி காலியாக இருந்தால், நீங்கள் தேட வேண்டிய கப்பல் அதுதான். புத்தகம் அவரோடு போயிருந்தால் பென்ஷன் கடிதம், மணியார்டர் துண்டு, போட்டோவின் பின்பக்கம் எதிலாவது கப்பல் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆள் பெயரைவிடக் கப்பல் பெயர் கையில் இருப்பது நல்லது.

காரணம், ஆள் பெயர் படுகிற பாடு அப்படி. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். ஆனால் அன்றைக்கு ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முத்தையா, மூத்தியா ஆகலாம். இன்ஷியல் இருக்கிற இடத்தில் அப்பா பெயர் முழுசாக நின்று, அதுவே குடும்பப் பெயர் என்று பதிவாகலாம். ராஜு என்று முடிகிற பெயரில் ராஜு மட்டுமே தங்கலாம். வயது பல பதிவில் இருக்காது, இருந்தால் தோராயம். எனவே நினைவகத்தின் பெயரையும் இறந்த வருஷத்தையும் போட்டு, பெயரின் முதல் 3 எழுத்தை மட்டும் கொடுத்து, வருகிறதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூடுதல் விவரம் என்ற வரியில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும் சிலருக்கு இருக்கும். ஊரைத் தேடும்போது விருதுநகர் மாவட்டம் என்று தேடாதீர்கள். அது 1985இல் வந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது ராமநாதபுரம் ஜில்லா.

அங்கே கிடைக்காவிட்டால் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். இரண்டாம் போர்க்காலத்துக் கப்பல் ஊழியர் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன, கடலில் நடந்த சாவுகளின் பதிவேடும் இருக்கிறது. முந்தைய காலத்துப் பட்டியல்களில் பெரும்பகுதி, நம்பமாட்டீர்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பல்கலைக்கழகம் ஒன்றில் கிடக்கிறது. இடமில்லை என்று பிரிட்டன் கழித்துக்கட்டப் பார்த்ததை அவர்கள் வாங்கி அடுக்கினார்கள். 1915ஆம் வருஷத்துப் பட்டியலை மட்டும் பிரிட்டனிலேயே தனியாக எழுத்துப்பெயர்த்து இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875லிருந்து நடக்கிறது. வீட்டில் இணையம் தகராறு செய்கிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்து ஒரு நோட்டில் கப்பல் பெயர், தேதி, பதவி என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். மொபைலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்ததெல்லாம் போன் மாற்றும்போது போய்விடுகிறது.

தேதி கிடைத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. உடல் வராத வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 7 வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. மனைவிக்கு அந்த 7 வருஷமும் பூ வைப்பதா வேண்டாமா என்பதே தெரியாது. பிறகு பிள்ளைகள் தலையெடுத்து, செத்த திதி தெரியாதவர்களுக்கென்று இருக்கிற மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள்; இல்லாவிட்டால் ஆடி அமாவாசைக் கூட்டத்தோடு சதுரகிரி ஏறுவார்கள். முஸ்லிம் வீடுகளில் ஒரு பொதுநாளில் பாத்தியா ஓதுவார்கள்.

ரோனா மூழ்கிய 1943 நவம்பர் 26ஐப் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தேன். கார்த்திகை மாதம். மறுநாள் அமாவாசை.